காரைக் குறைந்த செலவில் தாழ்த்துவது எப்படி: ஸ்பிரிங் முதல் அலைன்மென்ட் வரை முழு வழிகாட்டி

காரைத் தாழ்த்த நினைப்பவர்களில் பலருக்கு வேண்டியது அழகு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது, அதை மூட வேண்டும், அவ்வளவுதான். இன்னும் சிலர் வளைவுகளில் கார் சாலையோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இரண்டு ஆசையிலும் தப்பில்லை. ஆனால் ஒரே வேலையில் இரண்டும் கிடைத்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். அழகுக்காக 60 மி.மீ. இறக்கிய கார் பெரும்பாலும் வளைவில் முன்பைவிட மோசமாகப் போகும். 25, 30 மி.மீ. இறக்கி அலைன்மென்ட்டையும், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலையையும், ஒழுங்காகச் செய்த கார் உண்மையிலேயே நன்றாக ஓடும்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது காருக்கானது. உழைப்பில் காசை மிச்சப்படுத்தலாம், கருவிகளை இரவல் வாங்கலாம், பொருளைப் பழையதாக வாங்கலாம். ஷாக் அப்சார்பரிலும் அலைன்மென்ட்டிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

## முதலில் கொஞ்சம் கணக்கு

கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது காரின் எடை, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம், ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. 1,000 கிலோ கார், ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில், சக்கர அகலம் 1,450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.7 பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும்படி திருப்பினால் சுமார் 265 கிலோ வெளிப்பக்கம் போகிறது. காரை 30 மி.மீ. தாழ்த்திய பிறகு அதே வளைவில் 251 கிலோ. மிச்சம் 14 கிலோதான், ஏறக்குறைய ஐந்தரை சதவீதம்.

வேண்டாம் என்று சொல்லும் லாபமில்லை. ஆனால் தாழ்த்திய காரை ஓட்டியதும் "அடடா!" என்று தோன்றுகிறதே, அது இந்த 14 கிலோவால் வருவதில்லை. தாழ்த்துவதற்காகப் போடும் ஸ்பிரிங் பழையதைவிட விறைப்பானது. அதனால் வண்டி குறைவாகச் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முகப்பு உடனே திரும்புகிறது. சாதாரணக் குடும்பக் காரின் உடல் ஸ்பிரிங் மேல் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும் வகையில் அமைக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் விளையாட்டுத்தனமான கார்களில் 1.5 முதல் 2 வரை. நாம் உண்மையில் மாற்றுவது இந்த எண்ணைத்தான். உயரம் கூடவே வரும் உபரி.

இதற்கு விலையாகக் கொடுப்பது சக்கரத்தின் மேல்நோக்கிய பயணத்தை. மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும். அந்த இடம் பாதியானால், அதே அடியை முட்டாமல் வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. யாரும் நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டுச் சாலையில் ஓட்டப் போவதில்லை. அதனால்தான் ரொம்பவும் தாழ்த்திய கார்கள் எந்நேரமும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் அப்சார்பர் தண்டில் கோர்த்திருக்கும் அந்தக் கட்டை ரப்பரில், முட்டிக்கொண்டே ஓடுகின்றன.

## எவ்வளவு இறக்கலாம்: லோயர் ஆர்மிடம் கேளுங்கள்

ஸ்பிரிங் விளம்பரங்களில் 30, 40, 50 என்று எண்கள் போட்டிருப்பார்கள். அவற்றைப் பார்ப்பதற்கு முன் உங்கள் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்பது. அதில் லோயர் ஆர்ம் உள்பக்கம் சேஸிஸோடு ரப்பர் புஷ்ஷில் மாட்டியிருக்கும், வெளிப்பக்கம் பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். கார் சமதளத்தில் சொந்தச் சக்கரத்தில் நிற்கும்போது தரையிலிருந்து புஷ் போல்ட்டின் மையம் எவ்வளவு உயரம், பால் ஜாயிண்ட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை உயரத்தில் பெரும்பாலும் பால் ஜாயிண்ட் தாழ்வாக இருக்கும், ஆர்ம் வெளியே போகப்போகக் கீழே சரியும். அந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே 35 மி.மீ. வித்தியாசம் என்றால், காரை 35 மி.மீ. இறக்கும்போது ஆர்ம் படுக்கை மட்டத்துக்கு வந்துவிடும். பால் ஜாயிண்ட் சக்கரத்தோடு இருப்பதால் அது நகராது, புஷ்தான் வண்டியோடு கீழே வரும். ஆக, அந்த வித்தியாசம்தான் உங்கள் பட்ஜெட். சாலைக் காருக்கு அதற்குள் நிற்பதே புத்திசாலித்தனம்.

அதைத் தாண்டினால் என்ன? வண்டி சாய்வது ரோல் சென்டர் என்ற ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றி. அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்பதை லோயர் ஆர்மின் சரிவுதான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஈர்ப்பு மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. மெக்ஃபர்சன் அமைப்பில் காரை இறக்கினால் ரோல் சென்டர் பெரும்பாலும் காரைவிட வேகமாக இறங்கும். உதாரணமாக, ஈர்ப்பு மையம் 550-லிருந்து 520-க்கு வரும்போது ரோல் சென்டர் 80-லிருந்து 20-க்குப் போனால், 470 மி.மீ. நெம்புகோல் 500 ஆகிவிடுகிறது. தாழ்ந்த கார், ஆனால் சாய்வு அதிகம்! விறைப்பான ஸ்பிரிங் போட்டதில் ஒரு பகுதி இதைச் சரிக்கட்டவே செலவாகிவிடும்.

கேம்பரிலும், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்திலும், இதே கதை. ஆர்ம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்வரை சக்கரம் மேலே போகும்போது தலை உள்பக்கம் சாயும், அது வளைவில் வெளிப்பக்க டயருக்கு நல்லது. ஆர்ம் மேல்நோக்கித் திரும்பிவிட்ட பிறகு அந்த உதவி குறைந்து, கடைசியில் எதிர்த்திசைக்கே போய்விடும்.

இன்னொரு அளவும் எடுக்க வேண்டும், இது இலவசம். ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கி, பளபளக்கும் தண்டில் ஒரு சிறிய கேபிள் டையைக் கட்டி, ஷாக்கின் உடலோடு ஒட்டும்படி கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமாக ஓட்டும் சாலைகளில் சில நாள் ஓட்டுங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் போன இடத்திலேயே நின்றுவிடும். கார் நிற்கும்போது டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதோ, அவ்வளவு தாழ்த்தினாலும் அதே சாலையில் முட்டாது. அதற்குமேல் இறக்கினால் தினசரி முட்டும். பல கார்களில் இந்த மிச்சம் நினைத்ததைவிடக் கம்மியாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

## மலிவான வழிகள், விலையும் விளைவும்

செலவு குறைவிலிருந்து தொடங்கலாம். எப்படியும் டயர் மாற்றும் நேரம் வந்திருந்தால், பக்கச்சுவர் ஒரு படி குறைவான டயர் போடுவதே முதல் வழி. 195/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 634 மி.மீ., 195/60 ஆர்15 டயருக்கு 615. கார் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்கும், சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாது. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும். மட்கார்டு இடைவெளி மட்டும் குறையாது, கூடும். புதிய டயரின் லோடு இன்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்ற குறியீடு) பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில பழைய கார்களில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டே எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு, இருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பேஜோ 205-இன் பின்பக்கம் எல்லாம் அப்படித்தான். பாரைக் கழற்றிப் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே உயரம் குறையும். பொருள் செலவு கிடையாது. ஆனால் விறைப்பு கொஞ்சமும் கூடாது, பயணம் மட்டும் குறையும், அதனால் சீக்கிரம் முட்டும். கொஞ்சமாக இறக்கினால் பரவாயில்லை.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டை அச்சுக்குக் கீழே போகிறதா, மேலே போகிறதா என்று பாருங்கள். கீழே போனால் இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்து, நீளமான யு-போல்ட் போட்டு இறக்கலாம். மேலே போனால் அதே கட்டை காரை உயர்த்திவிடும்!

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் மாடலுக்கென்றே செய்த தாழ்வு ஸ்பிரிங்கைப் பழையதாக வாங்குவது. ஸ்பிரிங் லேசில் தேய்கிற பொருள் இல்லை. வர்ணம் உரிந்து துருக்குழி விழாமல் இருக்கிறதா, நான்கும் ஒரே செட்டா, பகுதி எண் உங்கள் எஞ்சினுக்கும் பாடிக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். டீசல் காருக்கு இலகுவான பெட்ரோல் காரின் ஸ்பிரிங் போட்டு "இறங்கிடுச்சு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. இறங்கும்தான், ஆனால் மென்மையான ஸ்பிரிங் மேல் கனமான மூக்கு உட்கார்ந்திருக்கும். இது எல்லாவற்றிலும் மோசமான கூட்டணி.

ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் கோர்த்து வரும் மிக மலிவான காயில்ஓவர் செட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக: உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பது கவர்ச்சிதான், ஆனால் அந்த விலையில் முதலில் வெட்டு விழுவது ஷாக்கின் தரத்தில். நல்ல தொழிற்சாலை ஷாக்கும் நல்ல தாழ்வு ஸ்பிரிங்கும் அதைவிட மேல்.

அப்புறம் செய்யவே கூடாத இரண்டு. ஒன்று, ஸ்பிரிங்கைத் தீயில் சூடாக்கிச் சரியவிடுவது. எஃகின் பதமே போய்விடும், எவ்வளவு இறங்கும் என்பதும் எப்போது உடையும் என்பதும் யாருக்கும் தெரியாது. மற்றொன்று, சுருள்களை கிளாம்ப் போட்டுக் கட்டிவைப்பது. கிளாம்ப் கடிக்கும் இடத்தில் கீறல் விழும், ஓடும்போது ஒரு பக்கம் கழன்றால் கார் சட்டென்று ஒரு மூலையில் எழும்பும்.

## ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி

இதற்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வேண்டாம் என்றாலும் செய்கிறார்கள். முதலில் உங்கள் ஊர்ச் சட்டமும் வாகனக் காப்பீடும் இதை ஏற்குமா என்று பாருங்கள். பல நாடுகளில் வெட்டிய ஸ்பிரிங் இருந்தால் வாகனச் சோதனையில் தேறாது.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு கூடும், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு குறையும், வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமாக இருக்கும். வெட்டும்போது மாறுவது கடைசி ஒன்று மட்டும். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள 360 மி.மீ. ஸ்பிரிங் 3,000 நியூட்டன் சுமையில் 120 மி.மீ. அமுங்கி 240-இல் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு சுருளை வெட்டினால் நீளம் 300, விறைப்பு 30, அமுங்குவது 100, நிற்பது 200-இல். கார் 40 மி.மீ. இறங்கியது. கவனித்தீர்களா, கார் நிற்கும்போது ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருள் வரை இருந்த தூரமும் அதே 40தான். ஆக, கணக்கே வேண்டாம்: கார் தரையில் நிற்கும்போது அடுத்தடுத்த இரண்டு சுருள்களின் மையத்துக்கு இடையே அளந்தால், ஒரு சுருள் வெட்டினால் ஸ்பிரிங் எவ்வளவு குட்டையாகும் என்று தெரிந்துவிடும். ஸ்ட்ரட்டில் கார் இறங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்தருகே அதைவிட அதிகமாக இறங்கும்.

எந்த ஸ்பிரிங்கை வெட்டலாம் என்பதை அதன் முனை சொல்லும். கம்பி சாதாரணமாகவே முடிந்து, படிபோல் அமைந்த தட்டின் பள்ளத்தில் உட்கார்ந்தால் வெட்டிய பிறகும் அதேபோல் உட்காரும். கடைசிச் சுருள் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தாலோ, பன்றிவால் மாதிரி உள்ளே சுருண்டு சிறுத்திருந்தாலோ, பீப்பாய் வடிவில் இருந்தாலோ அந்த முனையைத் தொடாதீர்கள்.

வெட்டுவதென்றால் ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, அமுக்கம் எதுவுமில்லாத நிலையில்தான் வெட்ட வேண்டும். முதலில் அரைச் சுருளுக்கு மேல் வேண்டாம், இன்னும் வெட்டலாம், ஒட்ட முடியாது. இடதுக்கும் வலதுக்கும் ஒரே கோணத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்டு, நின்று நின்று ஈரத் துணியால் குளிரவைத்து வெட்டுங்கள். வெட்டிய இடத்திலிருந்து கம்பியில் நீல நிறம் பரவினால் அந்தப் பகுதி பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். பிசிறை அரத்தால் தேய்த்து, துரு தடுக்கும் வர்ணம் பூசுங்கள். ஸ்பிரிங்கில் விரிசல் பெரும்பாலும் துருப்புள்ளியில்தான் ஆரம்பிக்கிறது.

மாட்டிய பிறகு ஒரு கட்டாயச் சோதனை. சக்கரம் காற்றில் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் சுழற்ற முடிகிறதா? முடிந்தால் அது அளவுக்கு மீறிய குட்டை. ஒரு வேகத்தடையில் சக்கரம் எழும்பித் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் தட்டைவிட்டு விலகிவிடும். அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

## வேலைக்கு முன்

ஜாக்கி தூக்க மட்டும், தாங்க ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஜோடியும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் வேண்டும், இரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். ஒருமுறை போட்டால் மறுமுறை பிடிக்காத பூட்டு நட்டுகள் புதிதாக வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் டார்க் அளவுகளை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவே துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டால் காலையில் பாதிக் கோபம் மிச்சம்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

ஷாக்கின் நிலைமையையும் இப்போதே பாருங்கள். ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தால் அதே ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பளவில் ஒன்பது சதவீதம் குறைகிறது. நல்ல ஷாக் இதைத் தாங்கும். எண்ணெய் கசிகிற, ஏற்கெனவே தளர்ந்த ஷாக் என்றால் கார் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் துள்ளிக்கொண்டே போகும். எப்படியும் ஸ்ட்ரட்டைப் பிரிக்கப் போகிறோம், ஷாக்கையும் மேல் மவுண்ட் பேரிங்கையும் அப்போதே மாற்றினால் இரட்டை வேலை இல்லை.

## முன்பக்கம்

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட் மூன்றையும் விடுவியுங்கள். ஹோஸில் எதுவும் தொங்கி இழுபடக் கூடாது. ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் நிலையை வர்ணத்தால் குறித்த பிறகு எடுங்கள், கேம்பர் பழைய இடத்துக்கு அருகிலாவது திரும்பி வரும். நக்கிள் வெளியே சாய்ந்து விழாமல் ஒரு கம்பியால் கட்டிவையுங்கள், இல்லையென்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் பிடுங்கிக்கொள்ளும். கடைசியாக மேலே பானட்டுக்குள் இருக்கும் மவுண்ட் நட்டுகள். நடுவிலுள்ள பெரிய நட்டை மட்டும் இப்போது தொடக் கூடாது. மொத்த ஸ்பிரிங் அழுத்தத்தையும் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

வெளியே எடுத்த ஸ்ட்ரட்டில் கம்ப்ரஸர் கொக்கிகளை நேரெதிராக மாட்டி, இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இறுக்குங்கள். காற்றழுத்தத்தில் நட்டை இறுக்கும் துப்பாக்கி வேண்டாம். ஸ்பிரிங் தட்டிலிருந்து தளர்ந்து ஆட ஆரம்பித்ததும்தான் நடு நட்டைக் கழற்ற வேண்டும். முகம் எப்போதும் ஸ்பிரிங்கின் நேர்கோட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

பம்ப் ஸ்டாப்பை இங்கே கவனியுங்கள். தாழ்வு ஸ்பிரிங் தயாரிப்பாளர் அதை இத்தனை மி.மீ. குறைக்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். சொல்லவில்லையென்றால் வெட்ட வேண்டாம். அது சும்மா முட்டுக்கட்டை இல்லை, படிப்படியாக விறைக்கும் இரண்டாவது ஸ்பிரிங். அதைத் தூக்கிப்போட்டால் ஷாக்கின் உள்ளே உலோகம் உலோகத்தோடு மோதும்.

புது ஸ்பிரிங்கின் முனை தட்டின் படியில் போய் ஒட்டுகிறதா என்று பார்த்துத் திருப்பிக் கோர்த்து, எடுத்த வரிசைக்கு எதிர்வரிசையில் மாட்டுங்கள்.

## பின்பக்கம்

பின்னால் ஒரே அச்சாக வளையும் டார்ஷன் பீம் இருந்தால் வேலை எளிது. பீமை ஜாக்கியில் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானாகவே வெளியே வரும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். பல இணைப்பு ஆர்ம்கள் கொண்ட அமைப்பில் கேம்பர், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் மாறும், அலைன்மென்ட்டில் அதிக வேலை இருக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று பிரேக். சில கார்களில் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு நெம்புகோலோடு பிரேக் வால்வு இருக்கும். டிக்கியில் சுமை ஏறிக் கார் பின்னால் அமுங்கினால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். நீங்கள் காரைத் தாழ்த்தியதும் அந்த வால்வு டிக்கி நிறைய மூட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அவசர பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டிக் கார் சுழலும். இந்த வால்வு இருந்தால் கையேட்டின்படி புது உயரத்துக்கு அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

திட அச்சில் அதைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட் இருந்தால், கார் இறங்கியதும் அச்சு சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டால் சரியாகிவிடும்.

## புஷ்ஷை இறுக்கும் நேரம்

லோயர் ஆர்ம், பின் பீம் ஆகியவற்றின் ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே இருக்கும். அவை சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் கார் தரைக்கு வந்ததுமே ரப்பர் முறுக்கி நிற்கும். கார் எதிர்பார்த்த அளவு இறங்காது, ரப்பரும் சீக்கிரமே கிழியும். பழைய புஷ்ஷும் பழைய உயரத்துக்கு இறுக்கப்பட்டதுதான், அதனால் நீங்கள் கழற்றாத போல்ட்டுகளையும் ஒருமுறை தளர்த்துங்கள். காரைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கி ஆட்டிவிட்டு, அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

## அலைன்மென்ட், காசு சேமிக்கக் கூடாத இடம்

தாழ்த்தியதும் டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் வெறும் 1 மி.மீ. கோணல் இருந்தாலும், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறியதால் தாழ்த்திய பெரும்பாலான கார்களில் டோ மாறியிருக்கும்.

சாலைக்கு முன்பக்கக் கேம்பர் எதிர்மறையில் (சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து) அரை முதல் ஒன்றரை டிகிரி வரை இருக்கலாம், முக்கியமானது இடமும் வலமும் ஒத்துப்போவது. சரிசெய்யும் வசதி இல்லாத ஸ்ட்ரட்டில் மேல் போல்ட்டுக்குப் பதில் மையம் விலகிய கேம்பர் போல்ட் போடுவது மலிவான வழி. டோவைத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணிலேயே வையுங்கள்.

முன்பக்கத்தை மட்டும் இறக்கி மூக்கு குத்தி நிற்கவைப்பது சிலருக்குப் பிடிக்கும். அச்சுகளுக்கு இடையே 2,500 மி.மீ. உள்ள காரில் முன்னால் மட்டும் 30 மி.மீ. இறக்கினால் காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், ஏறக்குறைய 0.7 டிகிரி குறையும். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் பலம் குறைந்து, நெடுஞ்சாலை வேகத்தில் கார் கொஞ்சம் அலைபாயும்.

கிளம்புவதற்கு முன் ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்யுங்கள். பின்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தால் உங்கள் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கேமரா, ரேடார் உள்ள கார்களில் அவற்றையும் மறுபடி அளவுப்படுத்த வேண்டியிருக்கலாம்.

## ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயர் எதிலாவது உரசுகிறதா, பிரேக் ஹோஸ் எங்காவது இறுகுகிறதா என்று பாருங்கள். அப்புறம் மெதுவாக, பழகிய சாலையில். கேபிள் டையை மறுபடி கட்டிக்கொண்டு போங்கள். சாதாரண ஓட்டத்திலேயே டை பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டினால் கார் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது, வேறு சாட்சி தேவையில்லை.

வளைவில் கார் நடந்துகொள்வதை வைத்தும் கண்டுபிடிக்கலாம். வளைவின் நடுவரை நன்றாகப் பிடித்துப் போய், திடீரென்று முகப்பு வெளியே தள்ள ஆரம்பித்தால், முன்பக்க வெளிச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டது. அந்த நொடியில் முன்பக்க விறைப்பு பல மடங்காகி டயர் பிடி விடுகிறது. இதே காரியம் பின்னால் நடந்தால் வால் சட்டென்று வெளியே வீசும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் முன்னறிவிப்பே இருக்காது. மழையில் வளைவின் நடுவே ஒரு சிறிய மேடு போதும்.

முட்டாமலேயே, சீராக, எப்போதும் முகப்பு வெளியே தள்ளினால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் விறைத்திருக்கிறது. முன் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டிய கார்களில் இது சகஜம். டயர் காற்றைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் ஓரிரு பிஎஸ்ஐ மாற்றிப் பார்ப்பது செலவில்லாத முதல் சோதனை. போதவில்லையென்றால், அதே மாடலின் வேகமான வகையில் வரும் தடித்த பின் ஸ்டெபிலைசர் பார் பழையதாகக் கிடைத்தால் போடலாம். ஒரேயடியாகத் தடித்ததைப் போட்டால் வால் வீசுவதில் போய் முடியும்.

நேர்ச்சாலையில் மேடு ஏறும்போது ஸ்டியரிங் தானாக இழுத்தால் அது பம்ப் ஸ்டியர். டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைவுப் பாதையில் போகவில்லை என்று அர்த்தம். நீட்டிய பால் ஜாயிண்ட் போட்டு ரோல் சென்டரை மேலே கொண்டுவர நினைப்பவர்கள், டை ராட் முனையையும் அதே அளவு திருத்தாவிட்டால் இந்தக் கோளாறைத் தாங்களே வரவழைத்துக்கொள்வார்கள்.

சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளின் டார்க்கையும் மறுபடி பாருங்கள். புது ஸ்பிரிங் அதற்குள் இன்னும் சில மில்லிமீட்டர் உட்கார்ந்திருக்கும், அதனால் நான்கு மூலை உயரத்தையும் அளந்து, மாறியிருந்தால் டோவை இன்னொருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளில் முன் இடது, முன் வலது என்று எழுதி எண்ணெய் தடவி எடுத்துவையுங்கள். காரை விற்கும்போதோ சோதனைக்குக் கொண்டுபோகும்போதோ அவற்றைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்க வாய்ப்பு உண்டு.